திரவமும் அதுவே! படிகமும் அதுவே!

காலை 8 மணி. தாம்பரம் ரெயில் நிலையம்.

செங்கல்பட்டுப் பக்கம் இருந்து வந்த ரெயில் நிற்கிறது. கூட்டம் இறங்குகிறது. அலுவலகத்துக்குப் போகிறவர், கல்லூரி மாணவி, பூக்கூடை சுமந்த அம்மாள் எல்லோரும் மேம்பாலப் படிக்கட்டை நோக்கி நடக்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்.

யாருக்கும் நிலையான இடம் இல்லை. ஒருவர் முந்துகிறார். இன்னொருவர் பின்தங்குகிறார். தண்ணீர் போலக் கூட்டம் ஓடுகிறது. ஆனால், எல்லா முகங்களும் ஒரே பக்கம் பார்க்கின்றன.

இடத்தில் ஒழுங்கு இல்லை. திசையில் ஒழுங்கு இருக்கிறது!

இப்படிப்பட்ட ஒரு பொருள் உலகத்தில் உண்டு. அதன் பெயர் "திரவப் படிகம்".

அந்தப் பொருள் இல்லாத வீடு இன்று அநேகமாக இல்லை. வாசலில் இருக்கும் டிஜிட்டல் மின்சார மீட்டரில் எண் காட்டுவது அதுதான். கால்குலேட்டரில் கணக்குக் காட்டுவதும் அதுதான். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரிலும் அதுவே. சுவரில் மாட்டும் தட்டை டெலிவிஷன்களில் பெரும்பாலானவை அதைக் கொண்டே ஓடுகின்றன.

இந்தப் பொருளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர்களில் ஒருவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அது எப்படி வளைகிறது, எப்படி நிமிர்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை, தென்சென்னையில் தரமணியிலேயே நடந்திருக்கிறது.

இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கேரட்டில் கிடைத்த அதிசயம்

பொருள்கள் மூன்று வகை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். திடம், திரவம், வாயு. பனிக்கட்டி, தண்ணீர், நீராவி.

1888-ம் ஆண்டில் இந்தப் பாடத்துக்கு ஒரு சோதனை வந்தது.

பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவர ஆராய்ச்சியாளர் இருந்தார். கேரட் கிழங்கில் இருந்து எடுத்த ஒரு பொருளை அவர் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரி வெப்பத்தில் அது உருகியது. ஆனால், கஞ்சி போலக் கலங்கி இருந்தது. மேலும் சூடாக்கினார். 178.5 டிகிரியில் திடீர் என்று தெளிந்தது.

ஒரு பொருளுக்கு ஒரு முறைதானே உருகத் தெரியும்? இது இரண்டு முறை உருகியதே!

அவர் ஜெர்மன் விஞ்ஞானி லேமனுக்குக் கடிதம் எழுதினார். லேமன் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கலங்கலாக இருந்த நிலையில் அது திரவம் போல ஓடியது. ஆனால், ஒளியை வளைப்பதில் படிகம் போல நடந்துகொண்டது. கற்கண்டும் உப்பும் போன்றவையே படிகங்கள். படிகம் ஓடுமா? இது ஓடியது.

அதே 1888-ம் ஆண்டில்தான் திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் சர் சி. வி. ராமன் பிறந்தார். அவருடைய சகோதரியின் மகன், பிற்காலத்தில் இந்தப் பொருளில் புதிய வகை ஒன்றைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று அன்று யார் நினைத்திருக்க முடியும்?

மூன்று விதமாக வளையும்

திரவப் படிகத்தின் மிகச் சிறு துகள்கள் குட்டைத் தடிகள் போல இருக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 5 லட்சம் தடிகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சின்னவை!

அந்தத் தடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்கவே விரும்பும். யாராவது வந்து திசையைக் கலைத்தால், விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பும். வளைத்த மூங்கில் கையை விட்டதும் நிமிர்வதைப் போல. இதற்கு "மீள்தன்மை" என்று பெயர்.

ரப்பருக்கு மீள்தன்மை உண்டு. எஃகு வில்லுக்கும் உண்டு. ஆனால் ஓடும் திரவத்துக்கு, திசையில் மீள்தன்மை உண்டு என்பதுதான் அதிசயம்!

தடிகளின் வரிசை மூன்று விதமாகக் கலையலாம்.

பனையோலை விசிறியின் ஈர்க்குகள் அடியில் நெருங்கி, நுனியில் விரிகின்றன அல்லவா? அப்படி விரிவது ஒரு விதம்.

கோபுரத்துச் சுழல் படிக்கட்டில் ஒவ்வொரு படியும் முந்திய படியைவிடச் சிறிது திரும்பி இருக்கும். அப்படி முறுக்கிக்கொள்வது இரண்டாவது விதம்.

வளைவில் போகும் ரெயில் பெட்டிகளைப் போல வளைவது மூன்றாவது விதம்.

இந்த மூன்றுக்கும் தனித்தனி பலம் உண்டு. ஸ்வீடன் நாட்டு ஆசீன் இதற்குக் கணக்கு வகுக்கத் தொடங்கினார். 1958-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராங்க் அதைச் செம்மைப்படுத்தினார். எந்த விதமாகக் கலைந்தாலும், அதை மூன்று எண்களை வைத்துக் கணக்கிட்டுவிடலாம் என்று காட்டினார்.

அந்தப் பலம் எவ்வளவு? ஓர் எள்ளின் எடையைச் சுமார் 30 லட்சம் பங்கு போட்டால், ஒரு பங்கு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு!

இவ்வளவு சின்ன பலத்தை ஏன் அளக்க வேண்டும்? அதில்தான் கோடிக்கணக்கான திரைகள் அடங்கியிருக்கின்றன.

8 எப்படி 9 ஆகிறது?

ஜன்னல் கம்பிகளின் இடையே ஒரு பலகையைச் செங்குத்தாகப் பிடித்தால் நுழையும். படுக்கையாகப் பிடித்தால் நுழையாது. ஒளிக்கும் அப்படி ஒரு ஜன்னல் உண்டு. ஒரு பக்கமாக ஆடும் ஒளியை மட்டும் விடுகிற மெல்லிய தகடு அது.

அப்படி இரண்டு தகடுகளை, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக வைத்தால் ஒளி வராது. ஒரே இருட்டு.

இரண்டுக்கும் நடுவே திரவப் படிகத்தை வைக்கிறார்கள். அதன் தடிகள் சுழல் படிக்கட்டு போல முறுக்கி நிற்கும்படி செய்கிறார்கள். ஒளியும் படிக்கட்டில் இறங்குவது போலத் திரும்பித் திரும்பி வந்து, இரண்டாவது ஜன்னலில் சரியாக நுழைந்துவிடும். அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும்.

மின்சாரம் கொடுத்தால் தடிகள் நிமிர்ந்து நின்றுவிடும். படிக்கட்டு கலைந்துபோகும். ஒளி நின்றுபோகும். அந்த இடம் கறுப்பாகத் தெரியும். 8 என்ற எண்ணின் கறுப்புக் கோடு அப்படி வந்ததுதான்.

மின்சாரத்தை நிறுத்தினால் தடிகள் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். கோடு மறையும். 8 போய் 9 வரும்.

யார் அந்தத் தடிகளைத் திருப்பியது? மின்சாரம் அல்ல. மீள்தன்மை! எள்ளில் 30 லட்சத்தில் ஒரு பங்கு பலம்தான் அந்த வேலையைச் செய்தது.

கணக்குத் தெரிந்தால் காரியமும் தெரியும். எத்தனை வோல்ட்டு கொடுத்தால் தடிகள் அசையத் தொடங்கும்? ஏறத்தாழ ஒரு வோல்ட்டு போதும் என்று கணக்கு சொல்கிறது. அதனால்தான் ஒரு சின்ன பொத்தான் பாட்டரியில் கால்குலேட்டர் வருடக்கணக்கில் வேலை செய்கிறது.

திரவப் படிகத்தின் தடிப்பைப் பாதியாகக் குறைத்தால், தடிகள் திரும்பும் நேரம் கால் பங்காகக் குறையும். இதுவும் கணக்கு சொல்வதே. டெலிவிஷனில் கிரிக்கெட் பந்து வால் நட்சத்திரம் போல இழுபடாமல் பந்தாகவே தெரிய வேண்டுமானால், இந்தக் கணக்கு வேண்டும். தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் திரவப் படிகத்தை அடைக்கிறார்கள்.

அக்கினி நட்சத்திர வெயிலில் நிறுத்திய காரில் கால்குலேட்டரை விட்டுப் போனால், சில சமயம் அதன் முகம் முழுதும் கறுத்துவிடும். கெட்டுப்போயிற்று என்று பயப்பட வேண்டாம். சூட்டில் திரவப் படிகம் வெறும் திரவமாகிவிட்டது. படிக்கட்டு இல்லை, ஒளி இல்லை. நிழலில் வைத்து ஆறியதும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். ரைனிட்சர் 178.5 டிகிரியில் கண்டதும் இதே மாற்றம்தான். பொருள்தான் வேறு.

இரண்டு சந்திரசேகர்கள்

சர் சி. வி. ராமனின் குடும்பத்தில் சந்திரசேகர் என்ற பெயரில் இரண்டு பெரிய விஞ்ஞானிகள் உண்டு.

ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமனின் அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். நட்சத்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அவரை எல்லோருக்கும் தெரியும்.

மற்றவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர். ராமனின் சகோதரி மகன். 1930-ம் ஆண்டில் பிறந்தவர். அவர் வானத்தைப் பார்க்கவில்லை. திரவப் படிகத்தைப் பார்த்தார்.

பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் திரவப் படிக ஆராய்ச்சிக் கூடத்தை உருவாக்கினார். 1977-ம் ஆண்டில் சதாசிவா, சுரேஷ் என்ற துணை ஆராய்ச்சியாளர்களுடன் ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்தார்.

அதுவரை தெரிந்த திரவப் படிகங்களின் துகள்கள் தடி போன்றவை. இவர்கள் கண்டவை தட்டு போன்றவை! நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது போல அவை தூண் தூணாக நின்றன. உலகம் வியந்தது. அந்தச் செய்தியை அவர்கள் வெளியிட்டதும் வெளிநாட்டுப் பத்திரிகையில் அல்ல. "பிரமாணா" என்ற இந்திய விஞ்ஞானப் பத்திரிகையில்தான்.

அதே ஆண்டில் அவர் எழுதிய "திரவப் படிகங்கள்" என்ற ஆங்கில நூலும் வெளிவந்தது. பல நாடுகளில் மாணவர்கள் அதைப் படித்தார்கள். 1998-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது. 2004-ம் ஆண்டில் அவர் காலமானார்.

அவர் கண்ட தட்டு வகை என்ன ஆயிற்று? ஜப்பானியர் அதை எடுத்துக்கொண்டார்கள். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் திரையில் படம் மங்காமல் இருக்க, அந்த வகைப் பொருளைப் பூசிய மெல்லிய தாள் செய்தார்கள். உலகமெல்லாம் விற்றார்கள்.

கண்டுபிடித்தது பெங்களூரில். சரக்கு ஆனது ஜப்பானில். காசு கொடுத்து வாங்கியவர்களில் நாமும் உண்டு!

தரமணியில் ஒரு புள்ளிக் கோலம்

1962-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதைத் தோற்றுவித்தவர் அல்லாடி ராமகிருஷ்ணன். தொடங்கி வைத்தவர் நட்சத்திர விஞ்ஞானி சந்திரசேகர். அந்த நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது.

அங்கே பெரிய எந்திரங்களின் சத்தம் கேட்காது. கரும்பலகையும் காகிதமும் கம்ப்யூட்டருமே அங்கே ஆயுதங்கள்.

2008-ம் ஆண்டில் அந்த நிறுவனத்தின் அமித் பட்டாச்சார்ஜி, கௌதம் மேனன், ரனோஜாய் அதிகாரி ஆகிய மூவரும், திரவப் படிகத்தின் நடத்தையைக் கம்ப்யூட்டரில் கணக்கிட ஒரு சுலபமான வழியை வெளியிட்டார்கள்.

அது என்ன வழி?

சட்டை தைக்குமுன் தையல்காரர் அளவு எடுத்துக் கோடு போட்டுப் பார்க்கிறார். வீடு கட்டுமுன் பிளான் போடுகிறார்கள். துணியும் செங்கலும் வீணாகாமல் இருக்க இது வழி. விஞ்ஞானிகளும் அப்படி ஒரு "மாதிரி" போடுகிறார்கள். அதைக் கோடுகளால் போடுவதில்லை, எண்களால் போடுகிறார்கள்.

மார்கழியில் வாசலில் பெண்கள் முதலில் புள்ளி வைக்கிறார்கள். பிறகு கோலம் வளர்கிறது. திரவப் படிகம் இருக்கும் இடத்தையும் அப்படியே புள்ளி புள்ளியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 5 எண்கள். அங்கே தடிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, எவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன என்பதை இந்த எண்கள் சொல்லும்.

பக்கத்துப் புள்ளியில் உள்ள தடிகள் வேறு பக்கம் பார்த்தால், மீள்தன்மை அவற்றை இழுக்கும். எவ்வளவு இழுக்கும் என்பதற்குச் சூத்திரம் உண்டு. ரஷிய விஞ்ஞானி லாண்டாவின் வழியில், பிரெஞ்சு விஞ்ஞானி டி ஜேன் வகுத்த சூத்திரம் அது. டி ஜேன் 1991-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். புள்ளிகளை அசையாமல் வைத்து, காலத்தை மட்டும் ஓடவிட்டால், ஒவ்வொரு கணமும் கோலம் எப்படி மாறுகிறது என்று கம்ப்யூட்டர் காட்டிவிடும்.

அவர்கள் என்ன பார்த்தார்கள்?

சூடான திரவம் ஆறும்போது, நடுவே திரவப் படிகத் துளி ஒன்று பிறந்து வளர்கிறது. மழைத்துளி போல அது எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. தடிகளுக்குத் திசை இருப்பதால், துளியும் பக்கத்துக்குப் பக்கம் மாறுபடுகிறது.

இன்னொன்றும் பார்த்தார்கள். திரவம் சட்டென்று குளிர்ந்தால், ஒவ்வொரு மூலையிலும் தடிகள் ஒவ்வொரு திசையில் ஒழுங்காகின்றன. அவை சந்திக்கும் இடங்களில் சிக்கல் விழுகிறது. குழந்தையின் தலையில் முடி சுழித்து நிற்கும் சுழியைப் போல! போகப் போக இந்தச் சுழிகள் குறைகின்றன. ஒரே திசைப் பகுதிகள் பெரிதாகின்றன. அவை எந்த விதிப்படி பெரிதாகின்றன என்பதையும் கணக்கு காட்டியது.

"இது சோறு போடுமா?"

வீட்டுக் கூரை ஒழுகும் நாட்டில் இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். கேட்பதில் தவறு இல்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் அல்லவா ஆராய்ச்சி நடக்கிறது?

பதிலை வரலாறே சொல்கிறது.

1888-ல் ரைனிட்சர் கண்டது, பல பத்து ஆண்டுகள் அலமாரியில் இருந்த வேடிக்கைப் பொருள். ஆசீனும் பிராங்கும் கணக்குப் போட்டபோது அதில் ஒரு பைசா வருமானம் இல்லை. 1968-ல்தான் அமெரிக்காவில் முதல் திரவப் படிகத் திரைகளைப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் நகரில் ஜார்ஜ் கிரே, சாதாரண அறை வெப்பத்தில் கெடாமல் வேலை செய்யும் பொருளை உருவாக்கினார். 1973-ல் ஜப்பானின் ஷார்ப் கம்பெனி திரவப் படிகக் கால்குலேட்டரை விற்றது.

85 ஆண்டுகள்! இடையில் யாராவது "இது வீண் வேலை" என்று கதவைச் சாத்தியிருந்தால், இன்று மீட்டரிலும் தெர்மாமீட்டரிலும் எண் தெரிந்திருக்காது.

ஆகவே, கணக்குப் போடுகிறவர்களை நாடு காப்பாற்ற வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை மாதா மாதம் தவறாமல் வர வேண்டும். மழையை நம்பி விதைத்த பயிரைப் போல ஆராய்ச்சியை விட்டுவிடக் கூடாது.

ஆனால், அது மட்டும் போதாது. நம் நாட்டுக்குத் தேவையான திரைத் தகடுகளில் பெரும்பகுதி இன்றும் வெளிநாடுகளில் இருந்தே வருகிறது. அறிவு நம்மிடம் இருந்தது. அதைச் சரக்காக்கும் பாலம்தான் இல்லை.

தென்சென்னையில் அந்தப் பாலம் கட்ட எல்லாம் இருக்கிறது. தரமணியில் கணித நிறுவனம். கிண்டிப் பக்கத்தில் ஐ.ஐ.டி. 1937-ம் ஆண்டு முதல் தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதித் தொழில் வளாகம். ஒரே பஸ் தடத்தில் இருக்கும் கரும்பலகையும் தொழிற்சாலையும் ஒன்றை ஒன்று அறிந்துகொள்ள வேண்டும். கல்லூரி மாணவன் இரண்டு இடத்துக்கும் போய்வர வழி செய்ய வேண்டும். அரசாங்கமும் தொழில் அதிபர்களும் இதில் முன்வர வேண்டும்.

விஞ்ஞானம் தமிழில் வர வேண்டும் என்பதும் முக்கியம். மீள்தன்மையை விசிறி ஈர்க்காலும் சுழல் படிக்கட்டாலும் விளக்க முடியும் என்றால், அதைப் படிக்க ஆங்கிலம் வரும் வரை ஒரு குழந்தை ஏன் காத்திருக்க வேண்டும்?

வீட்டில் ஒரு சோதனை

பெற்றோர்களும் சும்மா இருக்க வேண்டாம்.

வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடிகளில் "போலராய்டு" என்று ஒரு வகை உண்டு. அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டு கால்குலேட்டரின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கால்குலேட்டரை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு நிலையில் முகம் முழுதும் இருண்டுவிடும்! ஜன்னல் கம்பியும் பலகையும் கதை அதுதான்.

குளியல் அறையில் சோப்பு ஊறிக் கொழகொழவென்று கிடக்கிறதே, அதிலும் திரவப் படிகம் இருக்கிறது என்று சொல்லுங்கள். குழந்தை ஆச்சரியப்படும். "ஏன்?" என்று கேட்கும்.

பதில் தெரியாவிட்டால் அதட்ட வேண்டாம். ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். ராமன் விளைவின் நினைவாக ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ந் தேதி தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடுகிறார்கள். அந்த நாட்களில் கண்காட்சி நடக்கும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். திருவிழாவுக்கு அழைத்துப் போவதில்லையா? அதுபோல இதற்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும் படிக்கிற பிள்ளைகளில், அடுத்த சந்திரசேகர் இருக்கலாம். அந்தப் பிள்ளை ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். அந்தப் பிள்ளை கண்டுபிடிப்பது இந்த ஊரிலேயே சரக்காகி, இந்த ஊர் வாலிபர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டை இப்போதே தொடங்க வேண்டும்.